காணொளிப் பதிவும் ஆற்றுப்படை மரபும்

சென்ற சில ஆண்டுகளாக, வகுப்பு முடிந்ததும் மாணவர் சிலர் என் மேசையருகே வந்து நின்று கேட்கும் வினா ஒன்று உண்டு. “ஐயா, நாங்களும் விளாக் போடலாம் என்று இருக்கிறோம். எப்படித் தொடங்குவது?” என்பதே அது. கைப்பேசியில் ஒளிப்படம் எடுக்கும்போது தன் விரலையும் சேர்த்து எடுத்துவிடும் ஒருவனிடம் இவ்வினாவைக் கேட்பது பொருத்தமன்று. ஆகவே தொடக்கத்தில் கணினித்துறை நண்பரைக் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தேன். பின்னர் இளங்கலை வகுப்பிற்குப் பத்துப்பாட்டு நடத்தும் முறை எனக்கு வந்தது. அதன் பிறகு எந்த மாணவரையும் கணினித்துறைக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டேன். அதற்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளாக் என்பது ஒருவர் தாம் சென்றதையும் கண்டதையும் உண்டதையும் தம் குரலிலேயே காணொளியாகப் பதிந்து இணையத்தின்வழிப் பிறருக்கு வழங்குவது. கருவி புதிது, செயல் பழையது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, தான் சென்ற வழியையும் பெற்ற வளத்தையும் எடுத்துரைத்து, அவனையும் அவ்வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. தொல்காப்பியர் புறத்திணையியலில் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளார். உ. வே. சாமிநாதையர் 1889-இல் அச்சேற்றிய பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றுள் சிறுபாணாற்றுப்படை நம் கல்லூரி மாணவர்க்கு மிக அண்மையது. தாம்பரத்தில் பேருந்து ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு மணி நேரம் சென்றால் திண்டிவனம் வரும். நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் அங்குள்ளதே என்பர். அந்நாட்டிற்குச் செல்லும் வழியில் எயிற்பட்டினத்து நுளையர் குடியில் சுட்ட குழல்மீன் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறு ஆமான் சூட்டிறைச்சியோடு கிடைக்கும். ஆமூரில் உழவர் மகளிர் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு தருவர் என்று நல்லூர் நத்தத்தனார் ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறார். இன்று இதனைச் செய்பவரை உணவு விளாகர் என்கிறோம். ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. புலவர் ‘அருமையான சாப்பாடு, வேற லெவல்’ என்று எங்கும் கூறவில்லை. எந்த ஊரில், எவர் வீட்டில், எந்த உணவு, எதனோடு என்று மட்டுமே கூறுகிறார். சுவை கேட்பவர் நாவில் தானே ஊறுகிறது.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. செங்கண்மா நகரத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு 583 அடிகளில் வழி சொல்லும் அப்பாட்டில், வளத்தைப் போலவே இடர்ப்பாடும் விரிவாகப் பேசப்படுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள வழியில் விடிந்த பிறகே செல்லுங்கள். குழிகளில் பாம்பு உறையும். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் மறைவில் ஒதுங்குங்கள். வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்றெல்லாம் அறிவுறுத்துகிறார் பெருங்கௌசிகனார். வழிகள் பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் தவறிவிடாதபடி புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் கூறுகிறார். ஆற்றுப்படையின் உயிர்நிலை அந்தப் புல் முடிச்சிலேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பேசுபவன் தன்னைக் காட்டுவதற்காகப் பேசவில்லை. தன்பின் நடக்கப்போகும் ஒருவனுக்காகப் பேசுகிறான்.

தொடக்க நிலையினர் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ‘வணக்கம் நண்பர்களே’ எனத் தொடங்கி, பெயர், சேனலின் பெயர், சப்ஸ்கிரைப் செய்ய வேண்டுகோள், பெல் பட்டனை அழுத்த வேண்டுகோள் என ஒன்றரை நிமிடம் கழிகிறது. பார்ப்பவர் அதற்குள் வேறு காணொளிக்குச் சென்றுவிடுகிறார். யூடியூப்பில் முதன்முதலில் ஏற்றப்பட்ட காணொளி எவ்வளவு நேரம் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. வங்கதேசத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த ஜாவேத் கரீம் என்னும் இளைஞர், அந்நிறுவனத்தை நிறுவிய மூவருள் ஒருவர், 2005 ஏப்ரல் 23 அன்று அதை ஏற்றினார். அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அவற்றின் துதிக்கை மிக நீளம் என்று கூறுகிறார், அவ்வளவே. மொத்தம் 19 நொடிகள். சொல்ல ஒரு செய்தி இருந்தது, சொன்னார், நிறுத்தினார். வண்டலூருக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நம் மாணவர்க்கு இதைவிட எளிய முன்மாதிரி வேண்டியதில்லை.

எனவே முதல் விளாக் எடுக்குமுன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுமாறு கூறுவேன். இதனை யாருக்காக எடுக்கிறேன்? பார்த்து முடித்ததும் அவர் எதைத் தெரிந்திருப்பார்? ‘யாருக்காக’ என்பதற்கு ‘எல்லாருக்காகவும்’ என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாணன் பாணனுக்குச் சொன்னான். கூத்தன் கூத்தனுக்குச் சொன்னான். ஒருவருக்குச் சொல்வது பலருக்கும் பயன்படும். பொதுவாகச் சொல்வது ஒருவருக்கும் பயன்படுவதில்லை.

பொருளுக்குப் பஞ்சமா என்றால், நம் தென்புறநகரில் அது தெருவெங்கும் கிடக்கிறது. பல்லாவரத்தில் 1863-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. நாள்தோறும் மின்தொடர்வண்டியில் அந்நிலையத்தைக் கடந்து வரும் மாணவருள் எத்தனை பேர் அதை அறிவர்? கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை அந்த மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931-இல். அனகாபுத்தூரில் வாழை நாரை நூலாக்கி நெய்யும் நெசவாளர் இருக்கின்றனர். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குப் பருவந்தோறும் பறவைகள் வந்து இறங்குகின்றன. தாம்பரம் சானடோரியம் என்று வாய் நிறையச் சொல்கிறோம். 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து காசநோயாளர்க்காக அமைத்த மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். இவ்வளவும் இருக்க, நம் மாணவர் மூவர் எடுத்த முதல் விளாக் மூன்றும் ஒரே பிரியாணிக் கடையைப் பற்றியவை. பிரியாணியின்மேல் எனக்கு வெறுப்பு ஏதும் இல்லை என்பதை நண்பர்கள் அறிவார்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நல்ல கேமரா இல்லையே என்று வருந்துவோர் பலர். நல்ல ஒலி இல்லையே என்று வருந்துவோர் அரிது. உண்மையில், மங்கலான படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். விளங்காத பேச்சைப் பொறுக்க மாட்டார். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நின்று கைப்பேசியை முழநீளம் தள்ளிப் பிடித்துப் பேசினால் பேருந்தின் ஹாரன்தான் பதிவாகும். பம்மலிலும் பல்லாவரத்திலும் தலைக்குமேல் விமானம் செல்லும்வரை வாய் மூடிக் காத்திருத்தல் வேண்டும். சட்டையில் மாட்டும் சிறிய காலர் மைக் ஒன்று, நாம் முதலில் வாங்க வேண்டிய கருவி. அதற்கும் வசதி இல்லையெனில், இடத்தில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டிற்கு வந்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன்முன் அமர்ந்து குரலைப் பதியலாம். துணி எதிரொலியை உறிஞ்சிவிடும். இது செலவில்லாத ஒலிப்பதிவுக்கூடம்.

ஒலி என்பது பேச்சு மட்டுமன்று. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் ஒரு குடும்பத்தினர் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் இதற்குச் சான்று. சமையல் தொழில் அறிந்த பாட்டனார் பெரியதம்பியும் அவர்தம் பேரர்களும் வயல்வெளியில் சமைக்கின்றனர். 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைப் பெற்ற முதல் தமிழ்ச் சேனல் என்னும் பெருமையை அது அடைந்தது. அக்காணொளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அம்மியில் மசாலா அரைபடும் ஓசை, எண்ணெயில் வெங்காயம் விழும் ஓசை, சேர்க்கும் பொருளின் பெயரை ஒருவர் உரக்கக் கூவும் ஓசை. இவற்றுக்கு இடையே விளக்கவுரை மிகக் குறைவு. தமிழ் அறியாதவரும் அதை விரும்பிப் பார்ப்பதற்கு அதுவே காரணம் எனலாம். சமைத்ததை எளியவர்க்குப் பரிமாறுவதோடு காணொளி முடிவதும் ஒரு காரணமாகலாம்.

படம் எடுப்பதில் நான் கற்றுக்கொண்டது சிறிதே. கைப்பேசியை எப்போதும் நகர்த்திக்கொண்டே இருக்காமல், ஓரிடத்தில் ஊன்றிப் பத்து நொடி அசையாது எடுக்க வேண்டும். டிரைபாட் இல்லாதவர் மதில்மேல் சாத்தி வைக்கலாம். ஒரே இடத்தை முதலில் தொலைவிலிருந்தும், பிறகு சற்று நெருங்கியும், இறுதியில் கையையோ பொருளையோ மட்டும் மிக அண்மையிலும் எடுத்துவைத்தால், எடிட்டிங் செய்யும்போது தட்டுப்பாடு இராது. வெயில் உச்சிக்கு ஏறுமுன் அல்லது சாய்ந்தபின் எடுத்தல் நலம். லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் கிடந்த கைப்பேசியின் லென்ஸில் உள்ள கைரேகைதான் பாதிப் படங்கள் மங்குவதற்குக் காரணம். பின்னணியில் திரைப்பாடல் சேர்ப்பதைத் தவிருங்கள். காப்புரிமை உடையவர் கோரினால் வருவாய் அவருக்குச் சென்றுவிடும், அல்லது காணொளியே முடக்கப்படும். யூடியூப் தரும் கட்டணமில்லா இசைத்தொகுப்பு போதுமானது. இசையே இல்லாவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

பேச்சைப் பற்றித் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல். மேடைத் தமிழும் வேண்டா. ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘கைஸ்’ என்பதும் வேண்டா. கடையநல்லூர் மாணவர் கடையநல்லூர்ப் பேச்சிலும், செங்கல்பட்டு மாணவர் செங்கல்பட்டுப் பேச்சிலும் பேசலாம். அதில் தாழ்வு இல்லை. ழகரம் மட்டும் பிழைக்கட்டும். பயணக் கட்டுரையில் தனித்தடம் பதித்த ஏ. கே. செட்டியார் சிறு சிறு வாக்கியங்களாகவே எழுதினார். தம்மைப் பெரும்பாலும் பின்னால் நிறுத்தி, கண்ட இடத்தையும் மனிதரையும் முன்னால் நிறுத்தினார். காந்தியடிகளைப் பற்றி 1940-இல் ஆவணப்படம் வெளியிட்டவரும் அவரே. விளாக் எடுப்போர் அவர் நூல்களுள் ஒன்றையேனும் படித்தல் நன்று.

இதுவரை கூறியவை பழகப் பழகத் தாமே வந்துவிடும். பழக்கத்தால் வாராத ஒன்று உண்டு. அதை எனக்கு உணர்த்தியவர் என் மாணவர் ஒருவர்.

அவர் தென்மாவட்டத்திலிருந்து வந்து தாம்பரத்தில் அறையெடுத்துத் தங்கிப் படித்தவர். அவருடைய முதல் விளாக் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றியது. பழைய டிரங்க் சாலையில் கூடும் அச்சந்தையில் ஊசி முதல் உடைந்த கிராமபோன் வரை கிடைக்கும். ஓரமாகச் சாக்கு விரித்துப் பழைய சுவர்க்கடிகாரங்களும் ஸ்பேனர்களும் வைத்திருந்த முதியவர் ஒருவரை அருகில் சென்று எடுத்தார். விலை கேட்டார், முதியவர் சொன்ன விலையைக் கேட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பையும் முதியவர் முகத்தையும் முகப்புப் படமாக்கி, கேலியான தலைப்பு ஒன்றையும் இட்டார். ஒரு வாரத்திற்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்தனர். வகுப்பில் கைதட்டல், நானும் பாராட்டினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த வெள்ளியன்று அம்முதியவர் சந்தைக்கு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மூன்றாம் முறை பக்கத்துக் கடைக்காரரிடம் வழி கேட்டு மாணவர் அவர் வீட்டிற்கே சென்றார். தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சந்தையில் கடை விரிப்பது வீட்டாருக்கே தெரியாது. நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாராம். மகளின் புகுந்த வீட்டார் காணொளியைப் பார்த்துவிட்டனர். “தம்பி, உன்மேல கோபம் இல்ல. ஒரு வார்த்தை கேட்டிருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டு இருப்பேன்” என்றாராம். மாணவர் அன்றிரவே காணொளியை நீக்கினார். ஆனால் அதற்குள் அக்காட்சியை வேறு இருவர் வெட்டி எடுத்துத் தம் பக்கங்களில் இட்டிருந்தனர். அவர்களுக்கு எழுதிப் பார்த்தார். ஒருவர் நீக்கினார், மற்றவர் விடையே தரவில்லை. முதியவர் பின்னர் சந்தைக்கு வந்ததாக நாங்கள் அறியவில்லை.

பாணன் தனக்குச் சோறிட்ட வீட்டை நகைத்துப் பாடியதில்லை. அன்று முதல் என் மாணவர்க்கு ஒரு விதி வைத்துள்ளேன்: முகம் தெரியும்படி எடுக்குமுன் கேட்க வேண்டும், எங்கே வெளியிடப் போகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும், எடுத்ததை அவருக்குக் காட்ட வேண்டும். பெண்களையும் சிறுவரையும் நோயாளரையும் பொறுத்தவரை அவர்தம் குடும்பத்தாரின் இசைவும் வேண்டும். கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்று சிலர் வாதிடுவர். கெடும், இரண்டு நிமிடம் கெடும், பிறகு அவர் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், அப்போது எடுக்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகக் கூற வேண்டும். தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதச் சிறை வரை செல்லத்தக்க குற்றம். சட்டத்தைவிட வண்டி விரைவாக வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கத்தில் விமான நிலையமும் இருப்பதால் நம் பகுதியில் டிரோன் பறக்கவிடுவது விளையாட்டன்று. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. இரு சக்கர வாகனத்தில் சாகசம் செய்து காணொளி வெளியிட்டு வந்த இளைஞர் ஒருவர் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் விழுந்து காயமுற்றார்; கைது செய்யப்பட்டார்; அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவரைப் பின்பற்றிய பள்ளிச் சிறுவர் எத்தனை பேர் என்பதை எண்ணும்போதுதான் அச்சம் பிறக்கிறது. வழிகாட்டுவோன் தவறான வழியில் நடந்தால் பின்னால் வருவோரும் அங்கேயே விழுவர்.

வருவாயைப் பற்றி வினவாத மாணவர் இல்லை. விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது யூடியூப்பின் விதி. குறுங்காணொளிக்குத் தனிக் கணக்கு உண்டு. இதை எட்டப் பலர்க்கு ஓராண்டுக்கு மேலாகிறது. பலர் எட்டுவதே இல்லை. கடைக்காரர் பணமோ இலவச உணவோ தந்து பேசச் சொன்னால், அதனைப் பார்ப்பவர்க்கு வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். 2023 சனவரியில் நடுவண் அரசின் நுகர்வோர் துறை இதற்கென வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. பாணனும் பரிசில் பெற்றுத்தானே பாடினான் என்று ஒரு மாணவர் மடக்கினார். உண்மைதான். ஆனால் பெற்றதை மறைக்காமல், பெற்றேன் என்று சொல்லிவிட்டல்லவா பாடினான்!

சந்தைக் காணொளியை நீக்கிய மாணவர் நான்கு திங்கள் எதையும் எடுக்கவில்லை. பின்னர் ஒரு நாள் வந்து, தம் உம்மா ஊரிலிருந்து தனியே வருவதாகவும், அன்று காலை தமக்குத் தேர்வு இருப்பதால் அழைத்துவர இயலாது என்றும் கூறினார். தென்மாவட்டப் பேருந்துகள் முன்பெல்லாம் தாம்பரத்தைக் கடந்து கோயம்பேடு வரை செல்லும். கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின், அரசு விரைவுப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவ்வளவு பரந்த முனையத்தில், விடியுமுன், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பெண்மணி மாநகரப் பேருந்து நிற்கும் இடத்தை எவ்வாறு காண்பார் என்பதே அவர் கவலை. “அதை ஒரு விளாக்காக எடுத்து அனுப்பட்டுமா, ஐயா?” என்று கேட்டார்.

பகலில் ஒருமுறை சென்று எடுத்தார். உம்மா இறங்கும் நேரம் இருட்டாக இருக்குமே என்று அதிகாலை நான்கு மணிக்கு மீண்டும் சென்று எடுத்தார். பேருந்திலிருந்து இறங்கியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, எந்தப் பலகையைப் பார்த்து நடக்க வேண்டும், குழப்பம் வந்தால் சீருடை அணிந்த எவரைக் கேட்கலாம், தாம்பரம் செல்லும் பேருந்தில் ஏறியதும் நடத்துநரிடம் என்ன சொல்ல வேண்டும் என எல்லாம் நடக்கும் வரிசையிலேயே வந்தன. வழி பிரியும் இடங்களில் நின்று, “உம்மா, இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க” என்று சொல்லி, இரு பக்கமும் காட்டிய பிறகே நடந்தார். பயணிகள் முகம் எதுவும் விழாமல் காலடியையும் பலகையையும் மட்டுமே எடுத்திருந்தார். ஆறு நிமிடம், இசை இல்லை, அவர் முகமும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தனர்.

உம்மா ஊரிலேயே மும்முறை பார்த்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். மகன் தேர்வுக் கூடத்தில் அமர்ந்திருந்தபோது தாம்பரத்து அறையின் வாசலில் பையோடு வந்து அமர்ந்திருந்தார். காணொளியில் ஒரே ஒரு பிழை என்றாராம்: பலகைக்கு எதிரே இருப்பதாகக் காட்டிய தேநீர்க்கடை அந்நேரத்தில் திறந்திருக்கவில்லை. மாணவர் அன்று மாலையே அத்திருத்தத்தைக் காணொளியின்கீழ் ஒரு வரியாக எழுதிச் சேர்த்தார்.